ஸ்டாட்டிக் அனாலிசிஸ்: "நிலையான பகுப்பாய்வு" வேண்டாமே

வணக்கம்ங்க.

> ஸ்டாட்டிக் அனாலிசிஸ் = நிலையான பகுப்பாய்வு. நம் கணினிக் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாமா?

வேண்டாம்ங்க. நிலையான வைப்பு, நிலையான வருமானம் என்று கேட்டுப் பழகிய காதில் இது "என்றும் மாறாத பகுப்பாய்வு" என்றுதான் விழும். இங்கே நிலைத்து நிற்பது எதுவுமில்லை. கணினி நிரலை (புரோகிராமை) ஓட்டிப் பார்க்காமல், எழுதிய வரிகளை மட்டும் வைத்துக் குறை தேடுகிறோம், அவ்வளவுதான்.

நான் இருப்பது திருப்பூர். கட்டிங்குக்குப் போகும் முன் துணியை விளக்குப் போட்ட மேசையில் ஓடவிட்டு ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க்கறை பார்ப்பார்கள். அதை இன்னும் யாரும் உடுத்தவில்லை, துவைக்கவில்லை. ஆனாலும் பல குறைகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். சாயம் போகுமா, சுருங்குமா என்பது துவைத்தால்தான் தெரியும். நிரலிலும் இந்த இரண்டு வேலையும் உண்டு. நமக்கு வேண்டியது முதல் வேலைக்குப் பெயர்.

முதலில் "ஓடாநிலை ஆய்வு" என்று நினைத்தேன். வீட்டில் சொன்னதும், "மோட்டார் ஓடாமக் கெடக்குதே, அந்த மாதிரியா?" என்று அப்பா கேட்டார். அவர் கேட்டது நியாயம். ஓடாதது வேறு, ஓட்டாதது வேறு. தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள தூரம். நிரல் நன்றாகவே ஓடும், நாம்தான் ஓட்டவில்லை. ஆகவே இயக்காநிலை ஆய்வு. ஓடவிட்டுப் பார்ப்பது இயக்கநிலை ஆய்வு.

அடுத்து லின்ட். 1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழி நிரல்களைச் சோதிக்க எழுதிய கருவியின் பெயர் அது; துணியில் ஒட்டும் பஞ்சுத்தூசி என்று பொருள். தூசி வெளியிலிருந்து வந்து ஒட்டுவது. நிரலில் இருப்பதோ நாமே தைத்துவிட்டு வெட்டாமல் விட்ட நூல்: பயன்படாத மாறி (வேரியபிள்), யாரும் அழைக்காத செயற்கூறு (ஃபங்ஷன்). அதற்குப் பிசிறு என்ற சொல் பனியன் கம்பெனிகளில் தினமும் புழங்குகிறது. "பிசிறில்லாத குரல்" என்று பாட்டுக்காரரைப் புகழ்கிறோமே, அதே பிசிறுதான். கருவிக்கு பிசிறறி. பிசிறுவெட்டி வேண்டாம்; அது பெரும்பாலும் காட்டித்தான் கொடுக்கும், வெட்டுவது நம் வேலை. (வெட்டி என்றால் வேறு பொருளும் வந்து நிற்கும்.)

குறையே இல்லாத இடத்தைக் கருவி குறை என்று காட்டுவது ஃபால்ஸ் பாசிட்டிவ். அதற்குத் "தவறான நேர்மறை" என்று இருப்பதையும் தூக்கிவிடலாம். நேர்மறை என்றால் நல்ல சேதி போல இருக்கிறது. செக்கிங்குக்குப் புதிதாக வந்தவர் நல்ல இடத்திலெல்லாம் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டினால், நாலு நாளில் டெய்லர் ஸ்டிக்கரைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். இந்தக் கருவிகளை வாங்கிப் போட்டும் பயனில்லாமல் போவது பல இடங்களில் இப்படித்தான். வீணெச்சரிக்கை என்று வைப்போம்.

---

*ஈரோட்டிலிருந்து மறுமொழி:*

அண்ணா, பிசிறு அருமைங்க. ஆனா எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டுறாதீங்க. 2014-ல ஆப்பிளோட பாதுகாப்பு நிரல்ல "கோட்டூ ஃபெயில்"ங்கிற (ஃபெயில்ங்கிற இடத்துக்குத் தாவுன்னு சொல்ற) வரி ரெண்டு தடவை வந்துருச்சு. ரெண்டாவதுக்கு நிபந்தனையே இல்லை. அதனால கீழ இருந்த கையொப்பச் சோதனைக்கு நிரல் போய்ச் சேரவே இல்லை. பார்த்தாப் பிசிறு, உள்ள ஓட்டை! எட்டாத வரியைக் காட்டுற எச்சரிக்கை கிளாங்ங்கிற கம்பைலர்ல இருந்துச்சு. ஆனா வழக்கமா எல்லாரும் போடுற "-Wall" தெரிவுல அது சேரலை. பேருலதான் "all", அதாவது "எல்லாம்".

இன்னொண்ணு. இயக்காநிலை, இயக்கநிலை. ஒரு துணைக்கால் விட்டுப்போனாப் பொருளே தலைகீழுங்க. அவசரத்துல தட்டுறப்ப எந்த எழுத்துப்பிழை திருத்தியும் கண்டுபிடிக்காது, ரெண்டுமே சரியான சொல்லாச்சே.

---

தம்பி, துணைக்கால் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். "இயக்கநிலை"யை விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓட்ட ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். சோடி அழகு கெட்டாலும் குழப்பம் போகும். பிசிறு லின்டுக்கு மட்டும்தான், ஓட்டைக்கு அல்ல என்று பட்டியலில் குறிப்பும் எழுதியிருக்கிறேன். எல்லாச் சொல்லையும் ஏற்றியாயிற்று. கோட் ஸ்மெல்லுக்கு (உள்ளே ஏதோ சரியில்லை என்று நிரலைப் பார்த்ததும் தோன்றும் அறிகுறிக்கு) "வாடை"யா "நாத்தமா" என்று கோவைக்கார அக்கா கேட்டதற்குத் தனி இழை தொடங்கலாம். அது ஒரு மடலில் முடியாது.