1968 போக்ஸ்வேகன் 1300: களுவாஞ்சிக்குடி கழிய நிண்டுபோகுது, உதவி தேவை

கல்லடி_68:
வணக்கம். அப்பாட ஆமைக்கார், ஆறு வருஷம் கிடுகுக் கொட்டிலுக்குள்ள கிடந்தது. போன மாசம் ஒரு கராஜில என்ஜினை இறக்கி, பெயின்ற் அடிச்சுப் பூட்டித் தந்தாங்க. டவுனுக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்ல. கல்முனைக்கு வெளிக்கிட்டா களுவாஞ்சிக்குடி கழிய இழுவை குறைஞ்சு நிண்டுபோகுது. அரை மணித்தியாலம் நிழல்ல விட்டா ஒண்டும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. சூட்டில ஐடில் விட்டா ஒயில் லைட் மினுங்குது. பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிற கொயிலும் பிளக்கும் புதுசு. தடிச்ச ஒயில் போட்டுப் பாக்கவா?

பொத்துவில்_ரோட்:
பெற்றோல் கொதிக்குது மச்சான். பம்புக்கு ஈரத்துணி சுத்து. நான் அப்பிடித்தான் அம்பாறை போய் வாறன்.

ஏறாவூர்_காக்கா:
ஈரத்துணி வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்க்கும், வருத்தத்தை மாத்தாது. தம்பி, நிண்ட இடத்திலேயே, ஆற முன்னம், ஏர் கிளீனரைக் கழட்டி காபரேட்டர் வாய்க்குள்ள பாத்துக்கொண்டு அக்ஸிலரேட்டர் லீவரை ஒருக்கா இழுங்க. பெற்றோல் பீச்சினா கரண்டைப் பாருங்க. பீச்சாட்டி துணிக்காரர் சொன்னது சரி.

தடிச்ச ஒயில் வேணாம். தண்ணியில்லாத என்ஜின், காத்தும் 2.5 லீற்றர் ஒயிலும்தான். பிரஷர் கூடினா வால்வ் திறந்து ஒயில் கூலருக்குப் போகாமலே திரும்பிரும். லைட் அணையும், சூடு அப்பிடியே கிடக்கும்.

கல்லடி_68:
நல்லாப் பீச்சுது. கொயில்ல கை வைக்க ஏலாது, பொறி மஞ்சளா, மெலிஞ்சு வருது. 3ஆம் பிளக் வெள்ளை, மத்த மூண்டும் பிஸ்கட் நிறம்.

ஏறாவூர்_காக்கா:
3ஆம் சிலிண்டர் இடப்பக்கம் முன்னுக்கு இருக்கிறது. உங்கட மொடலில ஒயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ள அதுக்கு நேர மேல நிண்டு காத்தை மறிக்கும். 1971 மொடலிலதான் கூலரைக் கூட்டுக்கு வெளியால தள்ளி தனி வழி விட்டாங்க. அதால 3 கொஞ்சம் சூடாகிறது பிறவிக் குணம். வெளுக்கிறது பிறவிக் குணமில்ல.

இருட்டினாப் பிறகு என்ஜினுக்குக் கீழ டோர்ச்சை வச்சிட்டு பின் மூடியத் திறந்து பாருங்க. எங்கெல்லாம் வெளிச்சம் தெரியுதோ, அங்கெல்லாம் சைலன்சர் சூடு மேல ஏறும். ஃபேன் அதையே திரும்ப இழுக்கும். கொயில் அந்தக் கூட்டிலதானே பூட்டியிருக்கு, அதுவும் சேந்து வேகுது.

கல்லடி_68:
காக்கா, என்ஜினைச் சுத்தி ஒரு வட்டம் வெளிச்சம்! ஓர ரப்பர் பூட்டவே இல்ல. பிளக் வயர் ரப்பர் மூடியிலயும் ரெண்டு இல்ல. கராஜில கேட்டா "அது சும்மா அழகுக்கு" எண்டாங்க.

ஏறாவூர்_காக்கா:
அழகுக்கா? அப்ப ஃபேன் கூட்டையும் திறந்திருக்க மாட்டாங்க. என்ஜினை இறக்குங்க, கியர்பொக்ஸோட நாலு போல்ட்தான்.

கல்லடி_68:
ஞாயிற்றுக்கிழமை இறக்கினம். கூட்டுக்கு வெளியால பளபளெண்டு கறுப்புப் பெயின்ற், உள்ளுக்கு எலிக்கூடு. தேங்காய்த்தும்பு, கிடுகு ஓலை, மகள்ட பள்ளிக்கூட றிபன் ஒரு துண்டு. கூலர்ட இடுக்கெல்லாம் அடைச்சு, 3ட தகடுகளுக்குள்ள ஒயிலும் புழுதியும் களிமண்ணா இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, ரப்பர் எல்லாம் பூட்டினம்.

நேத்து பகல் ஒரு மணி வெயிலுக்க கல்முனை போய் வந்தன். நிக்கல்ல, லைட்டும் மினுங்கல்ல. டப்பெட் சத்தம் மட்டும் கேக்குது.

ஏறாவூர்_காக்கா:
ராவு முழுக்க ஆறவிட்டு, விடிய டப்பெட் (வால்வ்) இடைவெளியை 0.15 மி.மீ. வையுங்க. ஃபேன் பெல்ட் நடுவில பெருவிரலால அமத்தினா 15 மி.மீ. அளவு தாழணும். டைனமோ சிவப்பு லைட் ஓடேக்க எரிஞ்சா அடுத்த சந்தி மட்டும் ஓடுவம் எண்டு நினைக்காதீங்க. ஃபேனுக்கும் அதே பெல்ட்தான்.

பொத்துவில்_ரோட்:
நானும் இண்டைக்கு ராவு டோர்ச் வச்சுப் பாக்கப்போறன்.