பத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு அபிவிருத்தியா?

படுவான்கரையான்:
"பெந்தெகொஸ்தே சபைகள் வந்துதான் மட்டக்களப்புக் கிராமங்கள் தலைநிமிர்ந்தன" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. வயல் கூலிக்குப் போகிற பெண்ணிடம் தசமபாகம் என்று வருமானத்தில் பத்தில் ஒன்றைச் சபைக்கு வாங்குகிறீர்கள். கிழமைக்குக் கிழமை நுண்கடன் லோன்காரனும் வாசலில் நிற்கிறான். அடுப்பு எப்படி எரியும்?

கல்லடிப்பாலம்:
எழுதியது நான்தான். அப்பா கசிப்புச் சாராயத்துக்குக் கொடுத்தது பத்தில் எத்தனை? சபைக்குப் போன பிறகுதான் குடியை விட்டார். அந்தக் காசில் அம்மா தையல் மெசின் வாங்கினார். தங்கச்சி உயர்தரம் (ஏ.எல்.) வரை படித்ததும் அந்த மெசினால்தான்.

படுவான்கரையான்:
நல்லது. நான் கேட்டது பத்தில் ஒன்றை.

வாவிக்கரை:
படிப்பைப் பற்றி நீங்கள் பேசக்கூடாது. 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார், அவர் மெதடிஸ்த் சபை மிஷனரி, உங்கள் சபை இல்லை. நீங்கள் கட்டியது எது?

கல்லடிப்பாலம்:
அண்ணன், எங்கள் பெந்தெகொஸ்தே இயக்கம் பரவத் தொடங்கிய லொஸ் ஏஞ்சலிஸ் அசூசா வீதி எழுப்புதலே 1906இல்தான். பிறக்காத பிள்ளையிடமா கணக்குக் கேட்கிறீர்கள்? அறுபதுகளில் மிஷன் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துவிட்டது. பிறகு எந்தச் சபை புதிதாகக் கட்டும்?

படுவான்கரையான்:
சரித்திரம் கிடக்கட்டும். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்தது அரசாங்கம், சபை இல்லை. பத்தில் ஒன்றின் கணக்கு எங்கே? எங்கள் கோயிலில் சடங்கு முடிந்ததும் கணக்கு வாசிப்போம்.

மீன்மகள்:
வாசிப்பீர்களா? எங்கள் ஊர்க் கோயிலில் நிர்வாகச் சண்டைக்குப் பொலிஸ் வந்தது. சடங்குக்கு விட்ட வாண வேடிக்கைக் காசு யார் வீட்டு அடுப்பை எரித்தது?

படுவான்கரையான்:
முன்பு இங்கே காணி பற்றி நடந்த விவாதத்திலும் இப்படித்தான் பேச்சை மாற்றிவிட்டு ஓடினீர்கள். நான் மறக்கவில்லை.

மீன்மகள்:
ஓடியது நீங்கள். பழைய பக்கத்தைப் போய்ப் பாருங்கள்.

கல்லடிப்பாலம்:
2019 ஈஸ்டர் அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சனம் இன்றைக்கும் ஆராதனைக்குப் போகிறது. அவர்களை ஏமாந்த கூட்டம் என்கிறீர்களா?

படுவான்கரையான்:
அப்படி எங்கே சொன்னேன்? அந்தப் பிள்ளைகளை இதற்குள் இழுக்காதீர்கள். அன்று ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுக்க நின்றவர்களில் நானும் ஒருவன். பத்தில் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள்.

கல்லடிப்பாலம்:
மனம் விரும்பிக் கொடுப்பது. உங்களுக்கு ஏன் கணக்கு?

படுவான்கரையான்:
கொடுக்காத வீட்டுக்கு தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10 வேத வசனத்தை வாசித்துக் காட்டுவதும் மனவிருப்பமா?

வாவிக்கரை:
மெதடிஸ்த் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மீன்மகள்:
வாண வேடிக்கைக்கும்தான்.