முதல் பைக் எது எடுக்கலாம்? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், அவசரம்

முள்ளுக்கத்திரி | வெள்ளி, இரவு 9:12
எல்லாருக்கும் வணக்கம். முதல் தடவையாக பைக் வாங்கப் போகிறேன். ஷோரூமில் ஞாயிறு வரைதான் ஆஃபர் என்கிறார்கள். தினமும் வேலைக்குப் போய் வர வேண்டும், மைலேஜும் வேண்டும், பார்க்கவும் நன்றாக இருக்கணும். புல்லட் 350, ஹன்டர், ரெய்டர், ஸ்ப்ளெண்டர் நான்கில் குழப்பம். சீக்கிரம் யாராவது சொல்லுங்கள். வேலூர்தான்.

காட்பாடி கார்பரேட்டர் | 9:20
புல்லட்டும் ஸ்ப்ளெண்டரும் ஒரே பட்டியலில் எப்படி வந்தது ப்ரோ? ஒன்று 195 கிலோ, இன்னொன்று 112 கிலோ. உயரம் எவ்வளவு? பட்ஜெட்? தினமும் எத்தனை கிலோமீட்டர்? கியர் வண்டி ஓட்டத் தெரியுமா?

டப்டப் ராஜா | 9:31
யோசிக்கவே வேண்டாம் தம்பி, புல்லட். வாழ்க்கையில் ஒரு தடவை வாங்குவதை ஒழுங்காக வாங்கு. 2025 செப்டம்பரில் 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆகிவிட்டது, இப்போது எடுக்காமல் எப்போது எடுப்பாய்? ரோட்டில் கல் மாதிரி நிற்கும்.

மக்கன்பேடா | 9:40
கல் மாதிரி நிற்கும், சரி. கல் சாய்ந்தால் யார் தூக்குவது? என் மச்சான் முதல் வண்டியே புல்லட் எடுத்தான். ஆற்காட்டில் எங்கள் தெருமுனையில் ஜல்லி கொட்டியிருந்த இடத்தில் நிறுத்தி, இடது காலை ஊன்றினான். கால் வழுக்கியது. வண்டி மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது. அவன் முகத்தைப் பார்க்கணுமே, சாய்கிறது என்று தெரிகிறது, பிடிக்க முடியவில்லை. டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். வேகமே பூஜ்யம்.

பழைய கிக்கர் | 10:05
பதினைந்து வருஷமாக இதே கேள்விக்கு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கவே தெரியவில்லை, இதில் வண்டி ஓட்டப் போகிறார்களாம். நாங்கள் கற்ற புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருந்தது. அதில் ஓட்டியவன் எதிலும் ஓட்டுவான். செல்ஃப் பட்டனை அமுக்கிப் பழகியவர்களுக்கு ஸ்ப்ளெண்டரே ஜாஸ்தி. எடுத்துக்கொள் தம்பி, போய் வா.

முள்ளுக்கத்திரி | 10:48
மன்னிக்கவும், டியூட்டியில் இருந்தேன். உயரம் 5 அடி 2 அங்குலம். பாகாயத்திலிருந்து ஒடுகத்தூர் தாண்டி மேலே போகணும், வாரத்தில் மூன்று நாள் மலை ரோடு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் வேலை. கியர் வண்டி ஓட்டியதில்லை, ஸ்கூட்டி மட்டும்தான். அப்புறம் நான் தம்பி இல்லை, பெண்.

பழைய கிக்கர் | 10:55
அதை முதலிலேயே சொல்லக்கூடாதா அம்மா. ஸ்கூட்டியே போதுமே, எதற்கு வீண் ரிஸ்க்.

முள்ளுக்கத்திரி | 11:02
ஸ்கூட்டியில்தான் ஆறு வருஷமாகப் போகிறேன் அண்ணா. போன ஐப்பசி மழையில் தண்ணீர் நின்ற குழியில் முன்சக்கரம் இறங்கி, அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க் வளைந்துவிட்டது, முழங்கையில் ஏழு தையல். அதனால்தான் பைக் கேட்கிறேன். ஸ்கூட்டி வேண்டுமா என்று கேட்கவில்லை.

காட்பாடி கார்பரேட்டர் | 11:15
கிக்கர் அண்ணா, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஸ்கூட்டி சக்கரம் 10 அங்குலம், மிஞ்சிப்போனால் 12. ஸ்ப்ளெண்டரில் 18, ரெய்டரில் 17. சின்னச் சக்கரம் குழிக்குள் இறங்கிவிடும், பெரிய சக்கரம் அதே குழியைத் தாண்டிவிடும். ஆணா பெண்ணா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தங்கச்சி, என் யோசனை இது. புல்லட்டை விடுங்கள், சீட் 805 மில்லிமீட்டர் உயரம். ஹன்டர் சீட் 790தான், ஆனால் 181 கிலோ. ரெய்டர் 780 மில்லிமீட்டர், 123 கிலோ, தரையிலிருந்து 180 மில்லிமீட்டர் இடைவெளி. ஸ்ப்ளெண்டர் சீட் 785, இடைவெளி 165. மலை ஏற ஸ்ப்ளெண்டரும் ஏறும், ஆனால் 97 சிசியில் பின்னால் ஆளோ சாம்பிள் பெட்டியோ இருந்தால் இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு போகணும். ரெய்டர் எடுங்கள்.

இதெல்லாம் காகிதக் கணக்கு. ஷோரூமில் வேலைக்குப் போடும் அதே செருப்போடு உட்கார்ந்து பாருங்கள். இரண்டு முன்பாதமும் அழுத்தமாகப் படணும். அப்புறம் இறங்கி, வண்டியைச் சாய்வான இடத்திலிருந்து பின்னால் தள்ளிப் பாருங்கள். டெஸ்ட் ரைடில் நேர் ரோட்டில் விர்ரென்று போய் வருவதில் ஒன்றும் தெரியாது, சின்னத் தெருவில் யூ டர்ன் போட்டால்தான் தெரியும். முதல் வண்டியைக் கீழே போடுவது முக்கால்வாசி நிற்கும்போதும் திருப்பும்போதும்தான்.

குடியாத்தம் கைலி | 11:30
எல்லாம் சரி, லைசென்ஸ்? ஸ்கூட்டிக்குக் கியர் இல்லாத வண்டி லைசென்ஸ்தானே எடுத்திருப்பீர்கள்? அது கியர் பைக்குக்குச் செல்லாது. புதிதாக எல்எல்ஆர், அதாவது பழகுநர் லைசென்ஸ் போட்டு, 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். டெஸ்டில் 8 வடிவத்தில் எட்டு போடும்போது கால் கீழே பட்டால் போச்சு, அங்கே 181 கிலோவைத் திருப்பும்போது தெரியும் வண்டி எது என்று.

முள்ளுக்கத்திரி | 11:34
ஐயோ. ஆமாம், கியர் இல்லாததுதான். யாருமே சொல்லவில்லை.

டப்டப் ராஜா | சனி, காலை 7:10
செகண்ட் ஹேண்ட் புல்லட் ஒன்று சத்துவாச்சாரியில் இருக்கிறது, பேசிப் பார்க்கவா? மலை இறக்கத்தில் எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு வந்தால் மைலேஜும் கிடைக்கும். ஏலகிரியில் அப்படித்தான் 14 கொண்டை ஊசியும் இறங்குவோம்.

காட்பாடி கார்பரேட்டர் | 7:22
இதை ஒரு புதுசுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களே! ஏறும் கியரிலேயே இறங்கணும். எஞ்சின் இழுத்துப் பிடிக்கவில்லை என்றால் மொத்த பாரமும் பிரேக் மேல், டிரம் சூடாகிப் பிடிப்பே இருக்காது.

டப்டப் ராஜா | 7:30
கியரில் இறங்கினால் பெட்ரோல் எரியாதா?

காட்பாடி கார்பரேட்டர் | 7:41
எரியாது. கார்பரேட்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு நானே சொல்கிறேன், 2020க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புகை விதி) வண்டிகளில் கார்பரேட்டருக்குப் பதில் இருப்பது பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்ஷன். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுசாக விட்டால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் ஓடுவதற்காக (ஐடிலிங்) எரியும்.

பழைய கிக்கர் | 7:58
புத்தகம் படித்துவிட்டுப் பேசுகிறார்கள். நான் முப்பது வருஷம் நியூட்ரலில் இறங்கினவன். முன் பிரேக்கைத் தொடவே தொடாதே அம்மா, குப்புறத் தள்ளும்.

மக்கன்பேடா | 8:15
அண்ணா, அதுவும் தப்பு. பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால்தான் வரும், நிறுத்துவது பெரும்பாலும் முன்சக்கரம்தான். திடீரென்று பிடுங்கக் கூடாது, அவ்வளவுதான். இரண்டு விரலால் மெதுவாக அழுத்தி, பின்னாலும் கொஞ்சம் மிதிக்கணும். மணல் கிடக்கும் வளைவில் மட்டும் முன் பிரேக் வேண்டாம், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடணும்.

பழைய கிக்கர் | 8:21
நீ பிறப்பதற்கு முன்பே நான் அமிர்தி போய் வந்தவன்.

மக்கன்பேடா | 8:24
அமிர்தி அப்போதும் அங்கேதான் இருந்தது அண்ணா, ஃபிசிக்ஸும்தான்.

குடியாத்தம் கைலி | 8:40
கேட்டவர் எங்கே போனார்? செகண்ட் ஹேண்டாக இருந்தால் ஆர்சியில் பேங்க் கடன் பதிவு நிற்கிறதா என்று பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். கடன் அடைத்திருந்தாலும் அந்தப் பதிவை (ஹெச்பி) கேன்சல் பண்ணாமல் விட்டிருப்பார்கள், என் தம்பி நாலு மாதம் அலைந்தான்.

டப்டப் ராஜா | 9:02
சத்துவாச்சாரி வண்டி சுத்தமான வண்டி. டிஎன் 23, ஒரே ஓனர்.

முள்ளுக்கத்திரி | 19 நாள் கழித்து
எல்லாருக்கும் நன்றி. ரெய்டர் எடுத்துவிட்டேன். ஞாயிறு இல்லை, பத்து நாள் தள்ளி. ஆஃபர் அப்படியேதான் இருந்தது. எல்எல்ஆர் வந்துவிட்டது, காலையில் ஆறு மணிக்கு பக்கத்து கிரவுண்டில் எட்டு பழகுகிறேன். கூட அப்பா வருகிறார். ஒரு தடவை நின்ற இடத்திலேயே போட்டேன், லெக் கார்டில் கீறல், நானே தூக்கிவிட்டேன். மலைக்கு இப்போதைக்கு பஸ்தான்.

பழைய கிக்கர் | அன்று மாலை
மைலேஜ் எவ்வளவு தருகிறது?

மக்கன்பேடா | மறுநாள்
அந்த ஸ்கூட்டியை விற்பதாக இருந்தால் சொல்லுங்கள், அம்மாவுக்கு ஒன்று பார்க்கிறோம். ஃபோர்க் மாற்றியாயிற்றா, இல்லை நிமிர்த்தியதா?