இழுவைக்கும் அமுக்கத்துக்கும் துண்டு எவ்வளவு நீளம்?

குன்னூர் லேப்:
12 மி.மீ. டிஎம்டி கம்பி (கான்கிரீட்டுக்குப் போடும் வரி போட்ட முறுக்குக் கம்பி மாதிரி, தோல் மட்டும் கெட்டியானது), தரம் எஃப்இ 500டி. யூடிஎம்மில் (இழுத்தும் அமுக்கியும் பலம் பார்க்கும் மெஷின்) இழுத்தோம். 60 மி.மீ. குறிகளுக்கு நடுவே நீட்சி 20 சதவீதம். அதே துண்டில் 100 மி.மீ. குறிகளை அளந்தால் 16தான். ரிப்போர்ட்டில் எதைப் போடுவது? இதே கம்பிக்கும், கோத்தகிரியிலிருந்து வந்த கற்பூர மரக் கட்டைக்கும் அமுக்கச் சோதனை கேட்கிறார்கள். எந்த நீளத்தில் வெட்டணும்?

வரிக்கம்பி:
60-ஐப் போடுங்க. கம்பிக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1786 கேட்கும் குறி நீளம், குறுக்குவெட்டுப் பரப்பின் வர்க்கமூலத்தைப் போல் 5.65 மடங்கு, உருட்டுக் கம்பிக்கு அது விட்டத்தில் 5 மடங்கு.

இரண்டு அளவும் சரிதான். 60-ல் 12 மி.மீ. நீண்டிருக்கு, 100-ல் 16. கூடுதலான 40 மி.மீ.யில் 4 என்றால் சீரான நீட்சி 10 சதவீதம். மிச்சம் 6 மி.மீ. கழுத்து விழுந்த (அறுவதற்கு முன் ஒடுங்கிய) இடத்தில் வந்தது, அது எந்த நீளத்துக்கும் மாறாது. 200 வைத்து அளந்திருந்தால் 13தான் காட்டும். 500டி-க்குக் குறைந்தது 16 வேணும். நல்ல கம்பி ஃபெயில்!

கழுத்து எங்கே விழும்னு முன்னாடியே தெரியாது. அதனால் நெடுக 10 மி.மீ.க்கு ஒரு கீறல் போடுங்க, ஆழமாக வேண்டாம். மெஷினின் தாடையை ஒட்டி அறுந்து நீட்சி குறைவாக வந்தால் வேறு துண்டு இழுங்க. வரி இருப்பதால் காலிப்பரில் பரப்பு வராது: அரை மீட்டருக்குக் குறையாமல் வெட்டி, எடை போட்டு, கிலோ/மீட்டரை 0.00785-ஆல் வகுங்க, பரப்பு சதுர மி.மீ.யில் வரும்.

கடைசல் பட்டறை:
அமுக்கத்துக்கு நீளம் விட்டத்தில் 2 மடங்கு. 10 மி.மீ.க்குக் கடைந்தால் 20. அதைவிடக் குட்டையானால் முனை உராய்வு பக்கவாட்டில் விரியவிடாமல் பிடித்து, பலத்தைக் கூட்டிக் காட்டும். ரொம்ப நீண்டால் வளைந்துவிடும். இரண்டு முகமும் இணையாக இருக்கணும், பிசிறு கூடாது, கிரீஸ் தடவுங்க. இரும்பு உடையாது, பீப்பாயாக உப்பும். அதனால் ஈல்டு (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் பலம்) மட்டும் எழுதுங்க.

ஆனால் ஒன்று: டிஎம்டியின் கெட்டியான தோல் கடைசலில் போய்விடும். மிஞ்சுவது மெத்தென்ற உள்பகுதிதான். அந்த எண்ணை முழுக் கம்பியின் எண்ணாக எழுதாதீங்க. இழுவைக்குக் கடையவே கூடாது.

குன்னூர் லேப்:
நன்றிங்க. மரம்?

வரிக்கம்பி:
மரச் சோதனைக்கான ஐஎஸ் 1708 படி நார்வாக்கில் 50×50×200 மி.மீ. முடிச்சில்லாத இடம் சிறிதாக இருந்தால் 20×20×80. நார் சாய்ந்திருந்தால் துண்டை ஒதுக்கிடுங்க. ஐப்பசி மழையில் ஷெட்டில் கிடந்த கட்டை காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். பலம் குறைத்துக் காட்டும். நொறுங்கியதும் அதே துண்டில் ஒரு சீவல் எடுத்து உடனே எடை போட்டு, 103 டிகிரி அடுப்பில் எடை இனி குறையாமல் நிற்கும் வரை வைங்க. குறைந்த எடைதான் ஈரம்.