ஊருக்கு 'சைடு பை சைடு' வண்டி வாங்கும் யோசனை குறித்து

சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

மன்னார்குடிப் பக்கத்து நம் ஊருக்குப் பொதுவாக, சங்கத்தின் சார்பில் 'சைடு பை சைடு' என்ற பண்ணை வண்டி ஒன்றை வாங்கலாம் என்று டல்லாஸ் சித்தப்பா முன்மொழிந்திருக்கிறார். அந்த வகை வண்டியைப் பணியிடத்தில் அன்றாடம் ஓட்டுபவன் என்பதால், என் கருத்தை விரிவாக எழுதச் சொல்லித் தலைவர் கேட்டிருந்தார். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி நல்ல வண்டிதான்; ஆனால் நம் ஊருக்கு அதை வாங்க வேண்டாம் என்பதே என் எண்ணம். சித்தப்பாவின் நல்ல மனத்தையோ, அவர் முதல் ஆளாக அறிவித்த தொகையையோ குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

துபாயில் இருப்பவர்கள் மணல்மேடுகளில் சுற்றுலாப் பயணிகள் பறக்கவிடும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அது இதன் பந்தய வகை. நாம் பேசிக்கொண்டிருப்பது பண்ணை வேலைக்கான வகை. ஓட்டுபவரும் உடன் வருபவரும் அருகருகே உட்காருவதால் 'சைடு பை சைடு' என்ற பெயர் வந்தது. கார்போல ஸ்டியரிங்கும் மிதிகளும், தலைக்கு மேல் இரும்புக் கூண்டும், பின்னால் டிப்பர்போலச் சாயும் ஒரு சிறு பெட்டியும் இருக்கும். கவாசாகி 1988இல் 'மியூல்' என்ற பெயரிலும், ஜான் டியர் 1992இல் 'கேட்டர்' என்ற பெயரிலும் கொண்டுவந்த வண்டிகள் இந்த வகையைப் பரவலாக்கின. குபோட்டாவின் டீசல் வண்டி 2004இல் வந்தது. நான் இருக்கும் ஆஸ்திரேலியாவில், நான்கு சக்கர பைக்குகள் கவிழ்ந்து விவசாயிகள் இறப்பது தொடர்ந்ததால், 2021 அக்டோபர் 11 முதல் புதிதாக விற்கும் வேளாண் பைக்குகளில் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகம் பொருத்தியிருக்க வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. அதையொட்டி நானறிந்த பல பண்ணைகள் பைக்கைக் கைவிட்டுக் கூண்டு வைத்த இந்த வண்டிக்கு மாறின. நான் வேலை செய்யும் பேரிக்காய்த் தோட்டத்துக்குள் பாசனக் குழாய், மருந்துத் தொட்டி, வெட்டுக் கருவிகள், இரண்டு ஆள் என்று ஏற்றிக்கொண்டு வரிசை வரிசையாகப் போய்வர இதைவிட வசதியான ஒன்றை நான் பார்த்ததில்லை.

அங்கே அது அவ்வளவு நன்றாக ஓடுவதற்குக் காரணம் வண்டி மட்டும் இல்லை, நிலத்தின் அமைப்பும்தான். நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒரே கைக்குள், ஒரே வேலிக்குள் கிடக்கிறது. வண்டி போவதற்கென்றே வரிசைகளுக்கு நடுவே பாதை விட்டுத்தான் மரமே நடுகிறார்கள். வேலிக்கு வெளியே பொதுச் சாலையில் ஓட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை. நம் ஊரில் ஒருவருக்கு மூன்று மா நிலம் இங்கே, இரண்டு மா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பாட்டன் பங்கு ஒரு மா கோயில் நிலத்தை ஒட்டி என்று சிதறிக் கிடக்கிறது. எந்த வயலுக்குப் போனாலும் இன்னும் நாலைந்து பேருடைய வரப்பை மிதித்துத்தான் போக வேண்டும். அந்த வரப்பு ஒன்றரை அடி இருந்தால் அதிகம். ஆண்டுதோறும் வரப்போரத்தைச் சீராக்க அண்டை வெட்டுகிற சாக்கில் இருபுறமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டப்படுவது நம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்வதில்லை. சித்தப்பா குறிப்பிட்ட குபோட்டா டீசல் வண்டியின் அகலம் ஏறத்தாழ ஐந்தேகால் அடி. மிகக் குறுகலான வகைகள்கூட நாலு அடிக்கு மேல்தான். ஆகவே கோரையாற்றுக் கரை, ஊராட்சித் தார்ச்சாலை, களத்து மேடு ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே இந்த வண்டி ஓடும். அந்த மூன்றிலும் இப்போதே 'குட்டி யானை' எனும் சிறு லாரியும் டிராக்டரும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அறுவடை முடிந்த பிறகு வயலுக்குள்ளேயே ஓட்டலாமே என்று மஸ்கட் அத்தான் கேட்டிருந்தார். சம்பா அறுவடை தை, மாசியில் நடக்கிறது. நம் பக்கத்துக் களிமண் மேலே காய்ந்து வெடித்தாலும் அடியில் ஈரத்தை விடுவதில்லை. சக்கரம் வைத்த அறுவடை இயந்திரம் இறங்க முடியாமல்தான் நாம் சங்கிலிப் பட்டையில் ஓடும் செயின் வண்டிக்கு அதிக வாடகை கொடுக்கிறோம். போதாதற்கு, அறுவடைக்கு முன்பே உளுந்து தெளித்துவிடுவதால், தாளுக்கு இடையில் முளைத்து நிற்கும் பயிர்மேல் வண்டியை ஓட்ட எவரும் சம்மதிக்க மாட்டார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளாக இருந்தால் நான் வேறுவிதமாகவே எழுதியிருப்பேன். அங்கே மண்ணும் வேறு, மரங்களுக்கு இடையே வழியும் இருக்கிறது, தோப்பு முழுவதும் ஒருவருடையதாக இருப்பதும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துப் போட்ட பிறகு தோப்புக்குள் போய்வர இப்படி ஒரு வண்டி இருந்திருந்தால் உதவியிருக்கும் என்று சித்தப்பா எழுதியது அந்த ஊர்களுக்குப் பொருந்தும். ஆற்றுப் பாசனத்தின் கடைசியில் இருக்கும் நம் கடைமடைக்குப் பொருந்தாது.

சுமையையும் கணக்கிட்டுப் பார்ப்போம். பெரிய வகை வண்டியின் பெட்டியில் ஏறத்தாழ 500 கிலோ ஏற்றலாம். நெல் கொள்முதல் நிலையத்துச் சிப்பம், அதாவது மூட்டை, 40 கிலோ என்றால், ஒரு நடைக்குப் பன்னிரண்டு சிப்பம். ஏக்கருக்கு 2 டன் என்று குறைத்து வைத்தாலும் 50 சிப்பம் ஆகிறது; ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஐந்து நடை. மழை மூட்டம் கட்டி, நெல்லின் ஈரப்பதம் கொள்முதலுக்கான 17 விழுக்காட்டைத் தாண்டிவிடுமோ என்று எல்லோரும் முந்திக்கொண்டு நிற்கிற நாளில், அறுவடை இயந்திரத்திலிருந்து நேராக டிராக்டர் டிப்பரில் கொட்டி ஒரே நடையில் கொண்டுபோவதை விட்டு இதை யார் கூப்பிடுவார்கள்? குறுகலான வகைகளில் சிலவற்றின் பெட்டி 200 கிலோவைக்கூடத் தாங்காது. நாலு சிப்பத்தை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இரண்டு நடையாக ஏற்றிப்போகும் ஆட்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

பராமரிப்பு எளிது என்பதுபோலச் சித்தப்பா எழுதியதில் எனக்கு மாறுபட்ட அனுபவம் இருக்கிறது. முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் அச்சின் இணைப்பை மூடி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். குச்சி குத்தி அது கிழிந்தால் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறி, சேறு உள்ளே போய், சில வாரங்களில் திருப்பத்தில் 'டக் டக்' என்று சத்தம் வரும்போதுதான் தெரியும். அப்போது உறையோடு அந்த இணைப்பையும் மாற்ற வேண்டியிருக்கும். நெல் தாள் அறுத்த கட்டைகள் குச்சியைவிட மோசமானவை. அதேபோல், காய்ந்த புல் எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி அடைந்து புகைய ஆரம்பிக்கும் என்பதால், நாங்கள் கோடையில் ஒவ்வொரு மாலையும் வண்டியின் அடியில் குனிந்து கையால் பிடுங்கி எடுக்கிறோம். வைக்கோலுக்கு நடுவில் நிற்கப்போகிற ஒரு வண்டியை, யாருக்கும் சொந்தமில்லாத சங்க வண்டியை, நாள் தவறாமல் குனிந்து பார்ப்பது யார்? வயரைக் கடிக்கும் வயல் எலிகளைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு, தொழிற்சாலைக்குள்ளோ அடைக்கப்பட்ட வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென்று அமைந்த வண்டிகளுக்கு விலக்குத் தருகிறது. பொது இடத்தில் ஓடும் மற்ற எந்த மோட்டார் வண்டிக்கும் 39ஆவது பிரிவின்படி பதிவும், 146ஆவது பிரிவின்படி மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். அந்த விலக்கு ஆஸ்திரேலியத் தோட்டம் போன்ற இடத்துக்குத்தான் பொருந்தும். வேலியே இல்லாத நம் ஊரில் களத்திலிருந்து தார்ச்சாலையில் ஏறிய நொடியே அது பதிவில்லாத வண்டியாகிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றின்மேல் இடித்துவிட்டால் இழப்பீட்டுக்கு யார் பொறுப்பு என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். சித்தப்பா இருக்கும் டெக்சாசிலேயே பழைய வண்டி ஒன்றை மலிவாக வாங்கிக் கப்பலில் அனுப்பிவிடலாம் என்ற யோசனையும் நடக்காது. இறக்குமதியாகும் பழைய வாகனம் மூன்று ஆண்டுக்கு மேற்படாததாகவும் வலப்பக்க ஸ்டியரிங் உடையதாகவும் இருக்க வேண்டும். டெக்சாசில் கிடைப்பது இடப்பக்க ஸ்டியரிங்.

இந்தியாவிலேயே சாலையில் ஓட்டும்படி இதற்கு நெருக்கமான வண்டி ஒன்று வந்து போனது. ஐஷரும் போலாரிசும் கூட்டாக 2015இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'மல்டிக்ஸ்' ஆட்களையும் ஏற்றும், சுமையையும் ஏற்றும், நிறுத்திவைத்து 3 கிலோவாட் வரை மின்சாரமும் எடுக்கலாம். சிறு ஊர்களையும் சிறு தொழில்களையும் மனத்தில் வைத்துச் செய்த வண்டி அது. ஆனாலும் 2018இல் அந்தக் கூட்டு நிறுவனத்தை மூட முடிவெடுத்துவிட்டார்கள். பழைய மல்டிக்ஸ் ஒன்று விற்பனைக்கு இருப்பதாகத் திருச்சியிலிருந்து ஒரு தம்பி படம் அனுப்பியிருந்தார். செய்தவர்களே நிறுத்திவிட்ட வண்டிக்கு உதிரிபாகம் தேடி மன்னார்குடி மெக்கானிக் அலைய வேண்டாம் என்பதே அதற்கும் என் பதில்.

பணம் போகும் வழியையும் பேசியாக வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் என்று குடியுரிமை மாறிவிட்டவர்கள், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தாம். நம்மில் பாதிப் பேர் அந்தக் கணக்கில் வருவோம், நானும் அதில் ஒருவன். ஊரில் இருக்கும் சங்கக் கிளைக்கு அந்தச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாதவரை, குடியுரிமை மாறிய நாம் அதன் கணக்கில் பணம் போடக் கூடாது. பதிவு பெற்றாலும், 2020 திருத்தத்தின்படி, முதலில் புதுதில்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் அதைப் பெற முடியும். எனவே எதை வாங்குவதாக முடிவெடுத்தாலும், முதல் சுற்றில் இந்தியக் குடியுரிமை உள்ளவர்களின் பங்களிப்பை மட்டும் வைத்துத் திட்டமிட வேண்டும். மற்றவர்களின் பங்களிப்பைப் பற்றி ஒரு பட்டயக் கணக்காயரிடம் எழுத்தில் கருத்துப் பெறாமல் யாரும் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியானால் என்ன செய்யலாம்? அமெரிக்காவில் புதிய டீசல் சைடு பை சைடு ஒன்றுக்கு 15,000 டாலருக்கு மேல் ஆகிறது. அதைவிடக் கணிசமாகக் குறைந்த தொகைக்கு, 25 குதிரைத்திறனுக்கு உட்பட்ட, நான்கு சக்கரமும் இழுக்கும் சிறு டிராக்டர் இந்தியாவில் கிடைக்கிறது. அவற்றில் சில நாலடி அகலத்துக்குள் அடங்கும். கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றில் இறங்கும். பதிவு, காப்பீடு, மெக்கானிக் மூன்றும் மன்னார்குடியிலேயே முடியும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகவும் குறைந்திருக்கிறது. அதைச் சங்கம் வாங்கி நிறுத்துவதைவிட, ஊரில் உள்ள உழவர் குழு வேளாண் பொறியியல் துறையில் வேளாண் இயந்திர வாடகை மையத்துக்கான மானியம் கேட்டு விண்ணப்பித்து, தன் பெயரிலேயே ஆர்சி எனும் பதிவுச் சான்று எடுத்து, நாம் குழுவின் பங்குத் தொகைக்கு மட்டும் தோள் கொடுப்பதே முறை. பெயர் யாருடையதோ, அவர்தான் வண்டிக்கு அடியில் குனிவார். டிரெய்லரில் ஆள் ஏற்றக் கூடாது என்பதை மட்டும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

நோயாளிகளைச் சாலைவரை கொண்டுவருவதற்கும், மழைக்காலத்தில் சுடுகாட்டுக்குப் போவதற்கும் வண்டி பயன்படும் என்று சித்தப்பா எழுதியிருந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஐப்பசி, கார்த்திகையில் பாடையைத் தூக்கிக்கொண்டு நடவு வயலில் தொடையளவு சேற்றில் இறங்கிப் போன வரிசையில் நம்மில் பலர் நின்றிருக்கிறோம். 108 ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் இடத்துக்கும் கீழத்தெருவுக்கும் நடுவே இருப்பதும் அதே வரப்புதான். அங்கே எந்த வண்டியும் போகாது, ஏனென்றால் பாதை இல்லை. அந்த வரப்பைப் பத்தடிக்கு அகலப்படுத்தி, நடுவில் வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் குழாய்ப் பாலம் ஒன்று போட்டுவிட்டால், ஆம்புலன்சே தெருவுக்குள் வரும். இருபுறமும் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களில் பெரும்பாலோர் இந்தக் குழுவில்தான் இருக்கிறோம். ஆளுக்கு நாலைந்து அடி விட்டுக்கொடுக்க நாம் எழுதிக் கொடுத்தால், ஊராட்சித் தலைவர் அதை அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வைக்க முடியும். என் அப்பா பெயரில் இருக்கும் பங்கின் ஓரத்தைத் தருவதற்கு எங்கள் வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டேன். அம்மாவுக்குத்தான் ஓரத்தில் நிற்கும் இரண்டு பூவரச மரங்களைப் பற்றிக் கொஞ்சம் வருத்தம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு, கீழத்தெரு முனையிலிருந்து தார்ச்சாலை வரையும், சுடுகாடு வரையும் நீள அகலத்தை அளந்து, எந்தப் புல எண் யாருடையது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சரிபார்த்து எழுதி வாருங்கள். வண்டிக்கான வாக்கெடுப்பை அதுவரை தள்ளிவைக்குமாறு தலைவரையும் சித்தப்பாவையும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மேலத்தெருவிலிருந்து, இப்போது விக்டோரியாவில் இருக்கும் உங்கள் பிள்ளை