பாலைவனத்தில் லெனர்ட் நைட்டைப் பார்த்தபோது

சால்வேஷன் மவுண்டன் படத்தை உங்களில் பலர் எங்காவது பார்த்திருப்பீர்கள். கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில், நைலண்ட் என்ற சிற்றூருக்கு அப்பால், கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் நிற்கும் மண் குன்று. உச்சியில் ஒரு சிலுவை, அதற்குக் கீழே 'கடவுள் அன்பானவர்' என்று ஆங்கிலத்தில் ஆளுயரத்துக்கு மேலான எழுத்து. அதைக் கட்டிய லெனர்ட் நைட் 2014 பிப்ரவரியில், 82 வயதில் காலமானார். அவர் அங்கேயே குடியிருந்த காலத்தில் நானும் நண்பர் ஒருவரும் போய்ப் பார்த்தோம்.

சான் டியேகோவிலிருந்து காரில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எல் சென்ட்ரோவில் 111-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போக வேண்டும். வழியில் வரும் கலிபாட்ரியா ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கே 184 அடி உயரக் கொடிக்கம்பம் நட்டு, கொடியை மட்டும் கடல் மட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்! சால்டன் ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தால் செத்த மீன் நாற்றம் தூக்கும், கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

நாங்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே அவர் எதிரே வந்துவிட்டார். மெலிந்த உடம்பு, வெயிலில் காய்ந்து கறுத்த முகம், பெயின்ட் அப்பிய சட்டை. யார் வந்தாலும் அவரே சுற்றிக் காட்டுவாராம். எங்கிருந்து வருகிறீர்கள், என்ன மதம் என்றெல்லாம் ஒரு கேள்வி இல்லை. நேராக மண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அவர் முதலில் செய்ய நினைத்தது மலையே இல்லை, பலூன். 1967-இல் சான் டியேகோவில் சகோதரியைப் பார்க்கப் போன இடத்தில்தான் அவருக்குப் பக்தி வந்தது. அந்த ஒரே வாசகத்தை எழுதி ஒரு ராட்சத வெப்பக்காற்று பலூனை வானத்தில் பறக்கவிட வேண்டும் என்று வருடக்கணக்கில் துணியைத் தைத்திருக்கிறார். அது பறக்கவே இல்லை, துணி இற்றுப்போய்விட்டது. சரி, இந்தப் பாலைவனத்தை விட்டுக் கிளம்புமுன் சின்னதாக ஒரு நினைவுச் சின்னம் வைத்துவிட்டுப் போகலாம் என்று 1984-இல் அரை மூட்டை சிமென்டோடு இங்கே வேலையைத் தொடங்கினார். ஒரு வாரத்தில் முடிப்பதாக உத்தேசம். கடைசியில் அங்கேயே 25 வருடத்துக்கு மேல் இருந்துவிட்டார்.

சிமென்டில் மணலை அதிகம் கலந்து கட்டிய அந்த முதல் மலை 1989-இல் இடிந்து விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் மூட்டையைக் கட்டியிருப்பார்கள். இவரோ யாருக்கும் அடிபடவில்லை என்று கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, அதே மேட்டில் களிமண்ணையும் வைக்கோலையும் குழைத்து மறுபடி ஆரம்பித்தார். நம் ஊரில் மண்சுவர் வைக்கிற அதே கலவைதான். பெயின்டரும் வெல்டரும் கிட்டார் வாத்தியாருமாக இருந்தவர், பள்ளிப்படிப்பையே முடிக்காதவர். இந்தக் கலவையை யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே கண்டுபிடித்ததில் அவருக்கு ஒரு பெருமை, பேச்சிலேயே தெரிந்தது.

சுவர் முழுக்கப் புடைத்து நிற்கும் பூக்களை எப்படிச் செய்கிறார் என்று நண்பர் கேட்டார். உடனே ஈரக் களிமண்ணில் ஒரு கை அள்ளி, சுவரில் அப்பி, நடுவில் முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து. குழி விழுந்ததும் விளிம்பு தானாக இதழ்போல விரிந்தது. அவ்வளவுதான் பூ! காய்ந்ததும் அதன்மேல் பெயின்ட், அப்புறம் இன்னொரு பூச்சு, வருடா வருடம் இன்னொன்று. தொட்டுப் பார்த்தால் மண் மாதிரியே இல்லை, தடித்த பிளாஸ்டிக் மாதிரி வழவழவென்று இருந்தது. அந்தப் பெயின்ட்தான் மழையிலிருந்து மண்ணைக் காப்பாற்றுகிறது. அத்தனை பெயின்டும் வருகிறவர்கள் கொண்டுவந்து கொடுத்தது.

பக்கத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி ஒரு குடில் கட்டியிருந்தார். உள்ளே டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மண் பூசி, மரம்போலக் கிளை பிரித்திருந்தார். சுவரில் பழைய காரின் கதவும் கண்ணாடியும் ஜன்னலாகப் பதிந்திருந்தன. எனக்கு மலையைவிட இந்த இடம்தான் பிடித்தது. மலை தூரத்திலிருந்து படம் எடுக்க நன்றாக இருக்கும், உழைப்பு தெரிவது இங்கேதான்.

அவர் வீடு? மலையடியில் நின்ற ஒரு பழைய லாரி. அதன் உடம்பு முழுக்கவும் வேத வசனம். மின்சாரமும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. கோடையில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடம் அது. கிளம்பும்போது பணம் கொடுக்கப் பார்த்தோம், வாங்கவில்லை. அவர்தான் எங்கள் கையில் தபால் அட்டைகளைத் திணித்தார்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பிரசங்கம் என்றால் எழுந்து போகிற ஆள் நான். இவர் ஒரு மலை முழுக்க எழுதி வைத்துவிட்டதாலோ என்னவோ, வாயால் அதிகம் சொல்லவில்லை.

1994-இல் மாவட்ட நிர்வாகம் பெயின்டில் ஈயம் இருக்கிறது, மண் விஷமாகிவிட்டது என்று சொல்லி மலையை அகற்றப் பார்த்தது. அவர் தாமே மண்ணெடுத்து வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினார், ஆபத்தில்லை என்று முடிவு வந்தது. ஆதரவாளர்கள் கையெழுத்து இயக்கம் நடத்த, மலை தப்பியது. 2002-இல் செனட்டர் பார்பரா பாக்ஸர் அதை நாட்டின் பொக்கிஷம் என்று அமெரிக்க காங்கிரஸ் பதிவேட்டிலேயே ஏற்றினார். எட்டு வருடத்தில் விஷம் பொக்கிஷமாகிவிட்டது, வேறென்ன சொல்ல!

2011 கடைசியில் உடல்நிலை காரணமாக அவரைப் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். இப்போது ஒரு அறக்கட்டளையும் தன்னார்வலர்களும் மலையைப் பார்த்துக்கொள்கிறார்கள். விரிசல் அடைப்பதும் பெயின்ட் அடிப்பதும் ஓயாத வேலை. போகிறவர்கள் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள், நிழல் கிடையாது, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் மஞ்சள் பாதை போட்டிருக்கும், ஏற விட்டால் அதை விட்டு விலகாதீர்கள், வேறெங்கும் கால் வைத்தால் மண் பெயர்ந்துவிடும். கையோடு திறக்காத அக்ரிலிக் பெயின்ட் டப்பா ஒன்று கொண்டுபோனால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.