பெரிய அணையா, நிலத்தடி நீர்ச் சேமிப்பா: உழவர்கள் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். பெரிய அணையைக் கட்டி வாய்க்கால் வழியாக நீர் கொண்டுவருவதா, பெய்கிற மழையை அந்தந்த இடத்திலேயே தடுத்து மண்ணுக்குள் இறக்கிக் கிணறுகளுக்கு உயிர் கொடுப்பதா என்ற விவாதம் பாசனத்தைப் பற்றிப் பேசும் இடங்களில் எல்லாம் எழுகிறது. மழை பொய்த்த ஆண்டிலும் முந்தைய ஆண்டின் நீரைக் காத்து வைக்கும் ஆற்றல் அணைக்கே உண்டு என்பது ஒரு தரப்பின் வாதம். மறுதரப்பினர், உலக அணைகள் ஆணையம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையை எடுத்துக்காட்டுகிறார்கள். அணைகளால் 4 கோடி முதல் 8 கோடி மக்கள் வரை இடம்பெயர நேர்ந்தது என்று அந்த அறிக்கை மதிப்பிட்டது. இரு தரப்பிலும் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஒரு வறண்ட பகுதியின் உழவர்கள் இரண்டில் ஒன்றை மட்டுமே கேட்டுப் பெற முடியும் என்றால், எதன் அடிப்படையில் முடிவு செய்ய வேண்டும்? பொதுவான கொள்கையாக அல்லாமல், நீர்க்கணக்கோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே முறை. அதைக் கேட்காமல் அணை நல்லது என்றோ, தடுப்பணை நல்லது என்றோ பேசுவது பயனற்றது.

ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு அடியில் சிதைந்த பாறைப் படிவம் 10 மீட்டர் கனத்துக்கு நீர் நிறைந்து நிற்பதாகக் கொள்வோம். தென்னிந்தியாவின் பெரும்பகுதியைப் போலக் கடினப் பாறை உள்ள இடங்களில், அந்தப் படிவத்தின் கன அளவில் பொதுவாக 1 முதல் 3 விழுக்காடு நீர்தான் கிணற்றுக்கு ஊறி வரும். 2 விழுக்காடு என்று வைத்துக் கணக்கிட்டால் கிடைப்பது 2,000 கன மீட்டர். அதே நிலத்தின் மேல் பரப்பினால் 20 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். தலா 5 சென்டிமீட்டர் வீதம் நான்கு தண்ணீர் கட்டலாம். மழையோடு சேர்ந்து ஒரு சிறுதானியத்தையோ பயறு வகையையோ கரை சேர்க்க அது போதும். ஒரு போகத்துக்கு ஒரு மீட்டருக்கும் மேல் நீர் கேட்கும் நெல்லுக்கு அது எந்த மூலைக்கும் போதாது. ஆற்று வண்டல் படிந்த சமவெளியில் இதே கணக்கைப் போட்டால் ஊறி வரும் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அங்கே நிலத்தடியே ஒரு பெரிய நீர்த்தேக்கம்.

இதில் பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. கடினப் பாறைப் படிவம் ஒரு நல்ல மழையில் விரைவாக நிறைந்து, ஒரு கோடையில் விரைவாக வற்றிவிடும். நிறைந்த பிறகு எத்தனை கசிவுநீர்க் குட்டைகளை வெட்டினாலும் கூடுதலாக ஒரு சொட்டும் உள்ளே இறங்காது. ஆகவே அத்தகைய பகுதியில் நிலத்தடி நீர்ச் சேமிப்பு ஒரு பருவத்தின் வறட்சியைத் தாங்குமே தவிர, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் மழை இல்லை என்றால் கைகொடுக்காது.

அதற்காக அணைதான் விடை என்று நான் சொல்லவில்லை. நைல் நீரை எகிப்தும் சூடானும் பங்கிட்டுக்கொண்ட 1959ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு 8,400 கோடி கன மீட்டர் வரத்தில் 1,000 கோடி கன மீட்டர் அஸ்வான் நீர்த்தேக்கத்தில் ஆவியாதல் முதலியவற்றால் இழப்பாகும் என்று முன்கூட்டியே கழித்துவிட்டார்கள். திறந்த வானத்தின் கீழ் நீரைத் தேக்குவதற்குக் கொடுக்கும் விலை அது. மண்ணுக்குள் இருக்கும் நீரை வெயில் தீண்டுவதில்லை. நீர்த்தேக்கங்களில் வண்டல் படிவதால் உலகின் மொத்தக் கொள்ளளவில் ஆண்டுதோறும் 0.5 முதல் 1 விழுக்காடு வரை குறைகிறது என்றும் நீங்கள் குறிப்பிட்ட அதே அறிக்கை கூறுகிறது.

இரண்டாம் பதில்

மேலே உள்ள கணக்கை ஏற்கிறேன். ஆனால் அணையையும் நிலத்தடி நீரையும் எதிரெதிரே நிறுத்தும் கேள்வியே சரியா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஏனெனில் வாய்க்கால் பாசனம் நடக்கும் பல இடங்களில் கிணற்றில் ஊறுவது அணை நீர்தான்.

கீழ்பவானித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களில் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் நீளத்துக்கு மண் கால்வாய் செல்கிறது. கணக்குப்படி அதன் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். கணக்கில் வராத பாசனம் ஒன்றும் அங்கே உண்டு: கால்வாயின் தாழ்ந்த பக்கத்தில் உள்ள கிணறுகளும் ஓடைகளும் பல பத்தாண்டுகளாகக் கசிவு நீரால் வாழ்கின்றன. கால்வாய்க்குக் கான்கிரீட் தளமும் சுவரும் அமைக்கும் திட்டம் வந்தபோது உழவர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றதற்குக் காரணம் இதுவே. வழியில் இழப்பாகும் நீர் தங்களுக்கு வந்து சேர வேண்டும் என்றார்கள் கடைமடையினர். அந்த "இழப்பு" தங்கள் கிணற்று நீர் என்றார்கள் இடையில் இருப்பவர்கள். இரு தரப்பையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரே நீரை இரண்டு பேரேடுகளில் எழுதி வைத்ததன் விளைவு அது.

இந்தத் தொடர்பை மறந்தால் எதிர்த்திசையிலும் கேடு வரும். சிந்து சமவெளியில் கால்வாய்கள் வந்தபின் கசிவால் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்துகொண்டே போய், வேர்ப்பகுதியில் நீர் தேங்கி, உப்புப் பூத்து, விளைநிலம் பாழானது. பாகிஸ்தான் 1960களில் குழாய்க் கிணறுகளை வரிசையாக அமைத்து நீரை இறைத்து வெளியேற்ற வேண்டியதாயிற்று. வாய்க்கால் நீரையும் கிணற்று நீரையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் முறையைத் தொடக்கத்திலேயே வகுத்திருந்தால் அந்த அளவுக்குப் போயிருக்காது என்பது என் கருத்து.

மூன்றாம் பதில்

சேமிப்பைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். எடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. என் மனத்தை உறுத்துவது அதுதான். உலகிலேயே அதிக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு இந்தியா; அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் பாசனத்துக்குப் போகிறது. இந்த நிலையில் தடுப்பணை கட்டி நீர்மட்டம் ஐந்து மீட்டர் உயர்ந்தால், அடுத்த ஆண்டே அங்கே புதிதாகப் பத்து ஆழ்துளைக் கிணறுகள் இறங்கும். உயர்ந்த மட்டம் முன்பைவிடக் கீழே போகும்.

மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜாரைப் பற்றிப் பேசுபவர்கள் அங்குள்ள வரப்புகளையும் குட்டைகளையும் வியந்து பாராட்டுகிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதில்லை என்றும், கரும்பும் வாழையும் பயிரிடுவதில்லை என்றும் அந்த ஊர் தனக்குத்தானே விதித்துக்கொண்டது. ஒவ்வோர் ஆண்டும் பெய்த மழையை அளந்து, நீர் வரவு செலவுக் கணக்கைக் கிராம சபையில் வைத்து, அதற்கேற்பப் பயிரை முடிவு செய்கிறார்கள். ஒரு மாநிலமே சட்டம் இயற்றிய எடுத்துக்காட்டும் உண்டு: பஞ்சாப் 2009இல் கொண்டுவந்த சட்டம், கடும் வெயில் காலத்து இறைப்பைக் குறைப்பதற்காக, ஜூன் 10க்கு முன் நெல் நாற்று நடுவதைத் தடை செய்தது. அங்கே நீர்மட்டம் சரிவது அதனால் நின்றுவிடவில்லை. நடவுத் தேதியை மாற்றினார்கள், பயிரை மாற்றவில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பாறையைப் பற்றிய விளக்கம் என் குழப்பத்தில் பாதியைத் தீர்த்தது. ஒரு துணைக்கேள்வி: மேட்டுப் பகுதியினர் எல்லோரும் தங்கள் மழையைத் தாங்களே தடுத்துக்கொண்டால், கீழே ஏற்கெனவே இருக்கும் ஏரிகளுக்கும் அணைகளுக்கும் வரத்து குறையாதா?

முதல் பதிலளித்தவர்

குறையும். வெள்ளமாகக் கடலுக்குப் போகும் நீர் மிகுந்த வடிநிலத்தில் அது பெரிய சிக்கல் அல்ல. ஆற்றின் நீர் முழுவதும் ஏற்கெனவே பங்கிடப்பட்டுவிட்ட வடிநிலத்தில், மேலே கட்டும் ஒவ்வொரு தடுப்பணையும் கீழே உள்ள யாரோ ஒருவரின் மதகிலிருந்து எடுக்கிறது. சிறியது என்பதாலேயே அது யாருக்கும் தீங்கு செய்யாது என்று நம்பிவிடக் கூடாது.

ஆகவே உங்கள் முதற்கேள்விக்கு என் நேரடியான விடை இது. அரசிடம் கட்டுமானம் எதையும் கேட்பதற்கு முன், அந்தப் பகுதியில் 30 அல்லது 40 கிணறுகளைத் தேர்ந்து, மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தை அளந்து, இரண்டு ஆண்டுகளுக்கு எழுதி வையுங்கள். கயிறும் நாடாவும் போதும். மழைக்குப் பின் கிணறுகள் தரைமட்டத்தை ஒட்டி நிறைந்து, மாசிக்குள் வற்றிவிடுகின்றன என்றால், நிலத்தடியில் நீரைத் தேக்கும் இடம் போதவில்லை என்று பொருள். மேலும் குட்டை வெட்டிப் பயனில்லை. பயிரை மாற்றிய பிறகும் போதாத அளவுக்கு மட்டும் வெளியிலிருந்து வாய்க்கால் நீரைக் கேட்கலாம். நல்ல மழைக்குப் பின்னும் கிணறுகள் பாதிகூட நிறையவில்லை என்றால், உள்ளே இடம் காலியாக இருக்கிறது. அங்கே நீரை இறக்கும் வேலையைக் கேளுங்கள், அதோடு மூன்றாம் பதிலில் சொன்ன கட்டுப்பாட்டையும் ஊர் கூடி எழுதிக்கொள்ளுங்கள்.